தூண் அவனுக்கு, கூரை அவளுக்கு

மணமுறிவுத் தீர்ப்பைச் சொல்லி முடித்ததும் ஊர்த் தலைவரான லூரா வெற்றிலைச் சாற்றை ஓரமாகத் துப்பினார்.

"தூண் நாலும் கார்சிடினுக்கு. அவன் அப்பன் குடுத்த தேக்கு அது. மத்ததெல்லாம் ருகினாவுக்கு. உத்திரம், ஓடு, பலகை, கதவு எல்லாம் கல்யாணத்துக்கு அப்புறம் அவ புகையிலை நட்டு, வித்து வாங்கினது. வீடு நிக்கிற மண்ணும் அவ அப்பன் மண்ணு."

நியாயத்தில் குறை சொல்ல முடியாது. தூண்கள் கூரைக்குக் கீழே இருந்தன என்பது ஒன்றுதான் சிக்கல்.

"அப்படியே அந்தக் கூரைய அந்தரத்துல நிக்கச் சொல்லியும் ஒரு தீர்ப்பு குடுத்துடுங்க ஐயா," என்றார் கிழத் தச்சர் தீர்த்தோ.

கூட்டம் சிரித்தது. ருகினா சிரிக்கவில்லை. லூரா யோசித்தார். "அறுப்பு முடியட்டும்டா கார்சிடின். அதுக்குள்ள அவ ஓடெல்லாம் இறக்கிட்டு வேற கால் குடுத்துடுவா. அப்புறம் வந்து உன் தூண எடுத்துக்க."

கார்சிடின் நல்ல பிள்ளை மாதிரித் தலையாட்டினான். அவன் அப்படித் தலையாட்டி நான் பார்த்ததே இல்லை. பயப்பட வேண்டிய இடம் அதுதான். நான் அந்த நேரத்தில் லூரா வீட்டு அவித்த கடலையில் கவனமாக இருந்தேன்.

எங்கள் ஊரான கெடுங்வாருவில் வயல் தனி ஆளுக்குச் சொந்தமில்லை, ஊருக்குச் சொந்தம். சொந்த மனையில் நிற்கிற வீடு யாருக்கு இருக்கிறதோ அவருக்கு ஊர் வயலில் ஒரு பங்கு. வீடு விழுந்தால் பங்கும் விழும். வரிசையில் அடுத்து நிற்பவன் வந்து எடுத்துக்கொள்வான், வெறும் மனையையும் சேர்த்து. அடுத்து நின்றவன் கெண்டோன். ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிற அவனுடைய தங்கையைத்தான் கார்சிடின் இரண்டாவதாகக் கட்டியிருந்தான். ஆக, கார்சிடினுக்குத் தூண் வேண்டும், மச்சான் கெண்டோனுக்கு வயல் வேண்டும். ஓடு இறக்கி, புதுக் கால் கொடுத்து, வீடு விழாமல் தூணை எடுப்பதில் கெண்டோனுக்கு ஒரு லாபமும் இல்லை.

நான் எந்த வரிசையிலும் இல்லாதவன். ருகினா மனையின் ஓரத்தில், வாழைக் கூட்டத்தை ஒட்டி, என் குடிசை நின்றது. குடிசை என்னுடையது, அதன் கீழிருந்த மண் அவளுடையது. அந்த மண்ணுக்கு ஈடாக நான் அவள் வாசலைப் பெருக்குவேன், தண்ணீர் இறைப்பேன், நாற்று நடும்போது சேற்றில் இறங்குவேன். என் வீட்டைத் தூக்க ஆள்கூடத் தேவையில்லை. போன மழையில் காற்று ஒருமுறை தனியாகவே தூக்கிப் பார்த்துவிட்டு, எதற்கு இது என்று வைத்துவிட்டுப் போயிற்று. ருகினாவின் வீடு விழுந்தால் மனை கெண்டோனுக்குப் போகும். கெண்டோன் என்னை வைத்துக்கொள்ள மாட்டான். அவனிடம் விளக்குமாறு இருந்தது.

அவர்கள் சந்தை நாளாகப் பார்த்து வந்தார்கள். ஆண்களில் பாதிப் பேர் சந்தையில், மீதிப் பேர் வயலில். பெண்கள் எல்லோரும் ருகினாவின் பங்கில் கதிர் கொய்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்காக ருகினா பின்கட்டு அடுக்களையில் பெரிய பானையில் சோறு வேகவைத்துக்கொண்டிருந்தாள். நான் வாசலில் பலாச்சருகைக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

கார்சிடின் முன்னால் வந்தான், தோளில் சம்மட்டி. பின்னால் கெண்டோன். அவனுக்குப் பின்னால் கடப்பாரையும் கயிறுமாக, இரவில் காட்டில் தேக்கு திருடிப் பிழைக்கிற ஆட்கள்.

"அண்ணே, அறுப்பு இன்னும் முடியலையே," என்றேன்.

"உன் வாய்தான் இன்னும் முடியல," என்றான் கார்சிடின்.

"யார்ரா இவன்?" என்றான் கெண்டோன்.

"இவனா? ஜுமிங்கான். என் பொண்டாட்டி வீட்டு விளக்குமாறு."

"முன்னாள் பொண்டாட்டி," என்று திருத்தினேன்.

அந்தத் திருத்தத்துக்குத்தான் முதல் அடி. கடப்பாரையின் மொட்டை முனை விலாவில் இறங்கியது. நான் கூட்டி வைத்த சருகின் மேலேயே விழுந்தேன். அந்த ஒரு விஷயத்தில் என் உழைப்பு எனக்குப் பயன்பட்டது.

எங்கள் வீடுகளில் தூணைப் புதைப்பதில்லை. ஒவ்வொரு தூணும் ஓர் அடிக்கல்லின் மேல் நிற்கும். தூணின் தலைமுளை உத்திரத்தின் துளைக்குள் இருக்கும். கல்லைத் தட்டி நகர்த்தினால் தூண் கீழே இறங்கும், முளை கழன்றுகொள்ளும். கார்சிடின் உள்ளே போய் முதல் கல்லைச் சம்மட்டியால் அடித்தான். நடுக்கூடத்து வடமேற்குத் தூண் ஒரு சாண் இறங்கியது. கூரை முழுக்க ஒரு முனகல் ஓடியது. ஓடுகள் பல்லைக் கடிப்பது போலச் சத்தம் போட்டன.

ருகினா அடுக்களையிலிருந்து அகப்பையோடு வந்தாள். "கார்சிடின், ஓடு இன்னும் மேல இருக்கு."

"உன் ஓடுதான? நீயே பிடிச்சுக்க."

"லூரா என்ன சொன்னாரு?"

"லூரா சொன்னதுல பாதி எனக்குக் கேட்டுச்சு. மீதி கேக்கல," என்று சொல்லி அவள் முகத்தில் புறங்கையால் அறைந்தான். அவள் சுவரில் மோதி உட்கார்ந்தாள். உதடு கிழிந்து இரத்தம் முகவாயில் இறங்கியது. எழுந்து பின்வாசல் வழியாக வயலை நோக்கி ஓடினாள்.

நான் தெருமுனைக்கு ஓடினேன். ஓடினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது, விலாவைப் பிடித்துக்கொண்டு நண்டு போல் போனேன். அங்கே ஊர்க் கொட்டுக்கட்டை தொங்கியது. சாவுக்கு ஒரு தட்டு, வீட்டுத் திருட்டுக்கு ஒரு தட்டு, தீக்கு ஒன்று, வெள்ளத்துக்கு ஒன்று, மாட்டுத் திருட்டுக்கு ஒன்று. ஒருவன் தன் தூணையே எடுத்து அடுத்தவள் வீட்டை விழ வைப்பதற்கு என்ன தட்டு என்று எந்தப் பெரியவரும் யோசித்து வைக்கவில்லை. கை தானாக எதையோ தட்டியது. அது மாட்டுத் திருட்டுக்கான தட்டு.

எங்கள் ஊரில் மாடு போகிறது என்று கேட்டால் மனிதன் என்ன செய்வான்? தன் கொட்டிலுக்கு ஓடுவான். வயலில் இருந்தவன் எல்லாம் அரிவாளோடு தன் தன் கொட்டிலுக்கு ஓடி, தன் மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றான். நான் மறுபடி தட்டினேன். அவர்கள் மாட்டை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டார்கள்.

மாடு இல்லாதவர்கள்தான் முதலில் வந்தார்கள். தீர்த்தோவுக்கு மாடு கிடையாது. அவரோடு என்னைப் போல அடுத்தவர் மனையில் ஒதுங்கியிருக்கிற ஒரு கூட்டம்.

"எந்த மாடுடா?" என்றார் தீர்த்தோ.

"கூரை," என்றேன்.

அவர் வீட்டைப் பார்த்தார். இரண்டாவது தூணும் அப்போது வெளியே வந்துகொண்டிருந்தது. கூரை வடக்குப் பக்கமாகச் சாய்ந்து, போதை ஏறினவன் தலை மாதிரித் தொங்கியது. புகையிலை உலர்த்த ருகினா வெட்டிப் போட்டிருந்த மூங்கில்களைக் காட்டினார். "தூக்குங்கடா. உத்திரத்துக்கு அடியில குடுங்க. குடுத்துட்டுக் கட்டிப் புடிங்க. எவன் விட்டாலும் எல்லாரும் போயிருவோம்."

மூங்கிலைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தோம். தலையை உத்திரத்துக்குக் கொடுத்து, அடியை மண் தரையில் ஊன்றி, ஒரு மூங்கிலுக்கு இரண்டு மூன்று பேராகக் கட்டிப்பிடித்து நின்றோம். மூங்கில் வழுக்கும். பிடியைத் தளர்த்தினால் அது சறுக்கும், அது சறுக்கினால் ஓட்டோடு கூரை இறங்கும். ஆகையால் எங்களுக்குக் கால் இருந்தது, வாய் இருந்தது, கை மட்டும் இல்லை.

இதைக் கெண்டோன் சீக்கிரம் புரிந்துகொண்டான்.

"அட, வரிசையா நிக்கிறானுங்க பாரு. அறுக்கக் கட்டி வெச்ச கோழி மாதிரி," என்று சொல்லி முதல் ஆளின் முழங்காலில் மூங்கில் கழியால் விட்டான். அந்த ஆள் அம்மா என்று ஒரு காலைத் தூக்கினான், கையை எடுக்கவில்லை. அடுத்த ஆளுக்கு முதுகில். எனக்கு வாயில். ஏதோ ஒன்று உடைந்து நாக்கின் மேல் உருண்டது. முன்பல். துப்பினேன், இன்னொன்றும் வந்தது.

"அண்ணே, மீதிய வெச்சிருங்க, சோறு திங்கணும்," என்றேன். எனக்கே என் பேச்சு விளங்கவில்லை. இரத்தத்தில் கொழகொழவென்று வந்தது. அவன் அதற்கும் ஒன்று கொடுத்தான். வாழ்க்கையில் எனக்கு விழுந்த அடிகளை எல்லாம் நான் திருப்பிக் கொடுத்ததில்லைதான், ஆனால் அதற்கெல்லாம் பயம் காரணம். இந்த ஒரு தடவைதான் எனக்கு நல்ல காரணம் இருந்தது.

தீர்த்தோ பிடித்திருந்த மூங்கிலிடம் கெண்டோன் வந்தான். "கிழவா, விட்றா."

"கூரை என்னுதில்ல தம்பி, விடறதுக்கு."

கெண்டோன் கார்சிடினின் சம்மட்டியைப் பிடுங்கி, மூங்கிலைச் சுற்றியிருந்த கிழவரின் விரல்கள் மேல் அடித்தான். எலும்பு உடையும் சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. ஒரு தச்சனின் வலது கை. தீர்த்தோ கண்ணை மூடினார், திறந்தார். உடைந்த கையை மூங்கிலிலிருந்து எடுத்து, முழங்கையை அதில் கோத்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற என்னிடம், "இவன் அடிச்ச மூங்கில் வெடிச்சிருக்கா பாரு," என்றார்.

வெடிக்கவில்லை. அவர் கைதான் நடுவில் இருந்ததே.

அப்போது பெண்கள் வந்தார்கள். மாட்டுக் கொட்டு அவர்களைக் கொட்டிலுக்கு அனுப்பவில்லை, ருகினாவின் கிழிந்த உதடு அவர்களை நேராக இங்கே கொண்டுவந்தது. வாசலில் படகு மாதிரிக் கிடந்த நெல் குத்தும் மர உரலின் மேல் சாய்த்திருந்த உலக்கைகளை ஆளுக்கொன்றாக எடுத்தார்கள். உலக்கை கிடைக்காதவளின் உள்ளங்கையில் கதிர் கொய்கிற சின்னக் கத்தி இருந்தது. விரலிடுக்கில் அடங்கிவிடும், எதிரில் நிற்பவனுக்குத் தெரியவே தெரியாது. ஒவ்வொரு கதிராகத் தொட்டுத் தொட்டு அறுக்கப் பழகின கை அது.

நடந்ததை முறையாகச் சொல்ல எனக்குக் கண் போதவில்லை, முகம் மூங்கிலோடு ஒட்டியிருந்தது. உலக்கை ஒருவன் முதுகில் இறங்கியதைப் பார்த்தேன். நெல்லைக் குத்துகிற அதே தாளம், ஒருத்தி தூக்கும்போது மற்றவள் இறக்குகிறாள். அவன் மண்டியிட்டான், அப்புறம் படுத்தான், படுத்த பின்னும் தாளம் நிற்கவில்லை. கடப்பாரையை ஓங்கின இன்னொருவனின் மணிக்கட்டு உள்பக்கமாக மடங்கித் தொங்கியது. கெண்டோன் சம்மட்டியைத் திருப்பியபோது ஒரு பெண் அவன் கன்னத்தை மெதுவாகத் தொட்டது போல இருந்தது. அவன் சிரிக்கத்தான் வாயைத் திறந்தான். வாய் காது வரை திறந்தது. இரண்டு கையாலும் முகத்தைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு லூரா வீட்டுப் பக்கம் ஓடினான்.

மற்றவர்கள் ஓடைப் பாலத்துக்கு ஓடினார்கள். அங்கே என் கொட்டுச் சத்தம் கேட்டு அடுத்த குடியிருப்பு ஆட்கள் வழியை மறித்து நின்றிருக்கிறார்கள். மாடு எங்கே, மாடு எங்கே என்று கேட்டுக் கேட்டே அடித்திருக்கிறார்கள். இல்லாத மாட்டை அவர்களால் காட்ட முடியவில்லை. ஒருவனுக்கு ஒரு கண் போயிற்று.

அவர்களில் கார்சிடின் மட்டும் வீட்டுக்குள் இருந்தான். இத்தனை நடந்தும் அவன் வெளியே வரவில்லை. கெண்டோன் போட்டுவிட்டுப் போன சம்மட்டியை எடுத்து மூன்றாவது தூணையும் இறக்கி வாசலுக்கு உருட்டிவிட்டிருந்தான். இப்போது நான்காவதின் அடிக்கல்லுக்கு முன்னால் குனிந்திருந்தான், நேர் உத்திரத்துக்கு அடியில். கூரையின் கனம் முழுக்க எங்கள் மேல் வந்துவிட்டது. மூங்கில் வில்லாக வளைந்து கீச்சிட்டது. பல்லிடுக்கில் இரத்தத்தோடு நாங்கள் அவனைப் பார்த்தோம்.

எல்லோருக்கும் ஒரே நினைப்பு. கொலை செய்ய நாங்கள் கையைத் தூக்க வேண்டியதில்லை. கையை எடுத்தால் போதும். எங்களுக்கு வெளியே ஓடிவிட நாலடி, அவனுக்குக் குனிந்த முதுகு.

"விட்டுரலாமா?" என்றான் முழங்கால் உடைந்தவன், மெல்ல.

கார்சிடின் தலையைத் தூக்கினான். அப்போதுதான் அவனுக்குத் தான் நிற்கிற இடம் தெரிந்தது என்று நினைக்கிறேன். ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். அந்த முகங்களில் சொல்லிக்கொள்கிற மாதிரி எதுவும் இருந்திருக்காது. என் முகத்திலும்தான். என் விரல்கள் தளர்ந்தன என்றுகூடத் தோன்றியது.

வாசற்படியில் ருகினா நின்றாள், உலக்கையோடு.

"ஓடு என்னுது," என்றாள். "ஒரே ஒரு ஓடு உடைஞ்சாலும் உங்க எல்லாரையும் உரல்ல போட்டு இடிப்பேன். புடிங்கடா."

பிடித்தோம்.

"நீ எடுத்துக்க," என்றாள் அவனிடம். "உன்னுதுதான. எடுத்துட்டு வெளிய வா."

கார்சிடினுக்குச் சிரிப்பு வந்தது. உயிர் திரும்பி வந்தவனுக்கு வருகிற சிரிப்பு. கல்லைத் தட்டினான். தூண் இறங்கிச் சாய்ந்தது. அதன் தலையில் கயிறு போட்டு, தரையில் கோடு விழ இழுத்துக்கொண்டு எங்களைத் தாண்டி வெளியே போனான். போகிற போக்கில் என் காலை மிதித்தான், தெரிந்தேதான் மிதித்தான்.

வாசலில் நாலு தூணும் வரிசையாகக் கிடந்தன.

"நாலும் வந்துடுச்சா?" என்றாள் ருகினா.

"வந்துடுச்சு."

"உள்ள வேற எதாவது உன்னுது இருக்கா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

"இல்ல."

"அப்ப சரி," என்று சொல்லி உலக்கையைத் தலைக்கு மேல் தூக்கி அவன் வலது தோளுக்குக் கீழே இறக்கினாள். கை நடுவில் மடங்கியது, மடங்கக் கூடாத இடத்தில். அவன் அலறி விழுவதற்குள் இரண்டாவது அடி தோள்பட்டையில். மண்ணில் இழுபட்டுக்கொண்டே பின்னால் போனான். "ருகினா, ருகினா," என்றான். அவளை அவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே அன்றைக்குத்தான். அவள் மூன்றாவது தடவை தூக்கினாள். உலக்கை மேலேயே நின்றது. எங்களில் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அடுக்களையிலிருந்து கருகல் வாடை வந்தது.

"சோறு அடிப்பிடிக்குது," என்று சொல்லிவிட்டு உலக்கையைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போனாள்.

கொஞ்ச நேரத்தில் லூரா வந்தார். முகத்தில் துணி சுற்றின கெண்டோன் அவரிடம் போய், வீடு விழுந்துவிட்டது, பங்கு எனக்கு என்று எழுத முடியாத எழுத்துகளையெல்லாம் பேசிக் காட்டியிருக்கிறான். லூரா வாசலில் கிடந்த தூண்களைப் பார்த்தார். மாமரத்தடியில் உடைந்த கையைப் பிடித்துக்கொண்டு முனகுகிற கார்சிடினைப் பார்த்தார். குனிந்து வீட்டுக்குள் பார்த்தார்.

"தூண் இல்லையே. கூரையத் தாங்குறது எது?"

"நாங்கதான் ஐயா," என்றார் தீர்த்தோ. "தீர்ப்புல எங்களை யாருக்குன்னு சொல்லாம விட்டுட்டீங்க."

"வாயில ஒண்ணும் குறைச்சலில்ல. உன் கை என்னடா ஆச்சு?"

"கெண்டோன் அளவெடுத்தான்."

லூரா வீட்டைச் சுற்றி வந்தார். ஊர் வழக்கப்படி வீடு என்றால் மேலே கூரை நிற்க வேண்டும், அடுப்பில் தீ எரிய வேண்டும். தீயைப் பார்க்க அடுக்களைக்குப் போனார். ருகினா வீங்கின உதட்டோடு பானையை இறக்கிக்கொண்டிருந்தாள். ஒரு வாழையிலையில் சோறும் மிளகாய்த் துவையலும் வைத்து அவர் முன்னால் தள்ளினாள். அவர் நின்றபடியே ஒரு வாய் போட்டுக்கொண்டார்.

"கொஞ்சம் தீய்ஞ்சிருக்கு," என்றார்.

"ஆள் வந்திருந்தாங்க," என்றாள்.

லூரா கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தார். "இன்னிக்கு வீடு இருக்கு. பொழுது சாயுற வரைக்கும் இருந்தா நாளைக்கும் இருக்கும். கெண்டோன் வரிசையிலயே நிக்கட்டும், முகம் ஆறட்டும்." போகும்போது என்னைப் பார்த்தார். "மாட்டுக் கொட்டு தட்டினது நீதானடா? என் மாட்டைப் புடிச்சுக்கிட்டு நானும் இவ்வளவு நேரம் நின்னேன்."

பொழுது சாய நிறைய நேரம் இருந்தது. கொட்டிலிலிருந்து ஒவ்வொருவராக வெட்கத்தோடு வந்தார்கள். வந்தவர்கள் குளத்தோரத்துத் தென்னைகளை ருகினாவின் சொல்படி வெட்டிச் சாய்த்தார்கள். தீர்த்தோ உள்ளே நின்றபடியே முழங்கையில் மூங்கிலைக் கோத்துக்கொண்டு, நீளம் இவ்வளவு, முளை இவ்வளவு என்று கத்தினார். உளியைப் பிடித்தவன் தப்பாகச் செதுக்கும் ஒவ்வொரு தடவையும் கை வலியைவிட அதற்குத்தான் அதிகம் முனகினார்.

நாங்கள் மாறி மாறிச் சாப்பிட முடியாது. எங்கள் கனம் எங்களுக்குத்தான் பழகியிருந்தது, புது ஆள் பிடித்தால் மூங்கில் அசைந்தது. அதனால் பெண்கள் சோற்றை உருட்டி எங்கள் வாயில் வைத்தார்கள். யார் வீட்டுக்காரன் யார் என்று பார்க்கவில்லை. அதைப் பற்றிப் பல மாதம் ஊரில் கேலி நடந்தது. எனக்கு மெல்ல முடியவில்லை. ருகினா சோற்றை வெந்நீர் விட்டுக் குழைத்து, அகப்பையால் ஊட்டினாள்.

"வலிக்குதா?"

"பல்லு இருந்த இடந்தான் வலிக்குது அக்கா. பல்லுக்கு ஒண்ணும் வலி இல்ல, அங்கதான் கிடக்கு பாரு."

அவள் சிரிக்கப் பார்த்தாள். உதடு மறுபடி கிழிந்தது.

நாலாவது தென்னங்கால் கல்லின் மேல் ஏறி, முளை துளைக்குள் இறங்கினபோது வெளிச்சம் சிவந்துவிட்டது. கூரை ஒருமுறை பெருமூச்சு விட்டு நேரானது. "போதும், விடுங்கடா," என்றார் தீர்த்தோ.

யாரும் விடவில்லை. விடத்தான் பார்த்தோம், கை கேட்கவில்லை. விரல்கள் மூங்கிலோடு இறுகி எங்கள் பேச்சுக்கு வெளியே போயிருந்தன. ஒருவன் அழ ஆரம்பித்தான். அடி விழுந்தபோது அழாதவன்.

ருகினா வந்து எங்களுக்கு நடுவில் நின்றாள். கிழவரில் ஆரம்பித்து, ஒவ்வொருவரின் விரலாகப் பிடித்து, கதவு திறப்பது போல மெதுவாகத் திறந்தாள். என்னிடம் வர வெகுநேரம் ஆயிற்று. நான் அவசரப்படுத்தவில்லை.